பாரசீகத்தைப் படிக்கும் முறை

மூலத்தைப் படியாது உரையை மாத்திரம் படித்தவன் ஒரு நூலைக் கற்றவன் ஆகான். இலக்கியம் பாடங்கேட்க வரும் மாணவர்க்கு ஆசிரியர் முதன்முதலிற் சொல்லி வைக்கும் விதி இது. உரையாசிரியர் எத்துணைப் பெரியராயினும் தம் காலத்துக்கும் தம் கொள்கைக்கும் உட்பட்டவரே. ஒரு குறளுக்குப் பரிமேலழகர் ஒன்று சொல்ல, மணக்குடவர் வேறொன்று சொல்லக் காண்கின்றோம். இருவர் உரையையும் பார்த்து, அதன் பின்னர் மூலத்துக்குத் திரும்பி வருபவனே பொருளை ஓரளவேனும் உணர்வான். நூலுக்குப் பொருந்தும் இவ்விதி நாட்டுக்கும் பொருந்தும். அண்மைக் காலத்திற் பெயர் மிகுதியாக அடிபடும் ஈரான் தேசத்தை நாம் படித்துவரும் முறையை இவ்விதி கொண்டு ஆராய்தல் தக்கதெனக் கருதுகின்றேன்.

அந்நாட்டைப் பற்றி நமக்கு வருஞ் செய்திகளின் ஊற்று யாது? இலண்டனிலும் நியூயோர்க்கிலும் பாரிசிலும் தலைமையகங் கொண்ட சில செய்தி நிறுவனங்களே. அவை அனுப்புவதை நம் பத்திரிகைகள் தமிழாக்கித் தருகின்றன. அவற்றால் நாம் அறிந்தவை எவை? 1979ஆம் ஆண்டில் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டதும், 52 பேர் 444 நாட்கள் பணயமாக வைக்கப்பட்டதும். 2015இல் அணுசக்தி பற்றிய உடன்படிக்கை செய்யப்பட்டதும், 2018இல் அமெரிக்கா அதனின்று விலகியதும். 2022இல் முக்காட்டை முன்னிட்டு எழுந்த கிளர்ச்சியும். 2025 ஜூன் மாதத்தில் இஸ்ரவேலோடு 12 நாள் நடந்த போரும். தலைப்பாகை அணிந்த மதகுரு, கருந்துகில் போர்த்த பெண், விண்ணை நோக்கி நிற்கும் ஏவுகணை என்னும் மூன்று படங்களுள் ஒரு முழுத் தேசமும் அடங்கிவிடுகின்றது. இவற்றுள் எதுவும் பொய்யன்று. ஆனால், உண்மையாயிருத்தல் வேறு, முழுமையாயிருத்தல் வேறு.

வன்னி நிலத்தில் வாழும் எமக்கு இவ்வேறுபாட்டை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2009ஆம் ஆண்டின் முற்பகுதியிற் கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்னும் பெயர்கள் உலகச் செய்திகளில் இடம்பெற்றன. வெளியுலகச் செய்தியாளர் உள்ளே வந்து பார்க்க இயலாத காலம் அது. ஆதலால் எங்கள் ஊர்கள் வரைபடத்தில் அம்புக்குறிகளாகவும் எண்ணிக்கைகளாகவுமே உலகுக்குத் தோன்றின. அவ்வூர்களிற் காலபோகமும் சிறுபோகமும் உண்டு. வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கல் உண்டு. கடல்நீரில் விளக்கெரிக்கும் வழக்கு உண்டு. விடியுமட்டும் ஆடுங் கூத்து உண்டு. இவற்றையெல்லாம் அச்செய்திகளை மாத்திரம் படித்தவர் அறியார். எம் துன்பத்தை எழுதியவர்கள் அத்துன்பம் எத்தகைய மக்களுக்கு நேர்ந்தது என்பதை எழுதாது விட்டார்கள். இக்குறையைப் பட்டறிந்த நாமே இன்னொரு மக்களை அவ்வாறு படிப்போமாயின் அது நீதியாகாது.

பெயரும் மொழியும்

உலக நடப்புப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், ஈரானியர் அரபு மொழி பேசும் அரபியர் என்றே மாணவர் பலர் எழுதுகின்றனர். மாணவரை நோவதிற் பயனில்லை. வளர்ந்தோரும் அங்ஙனமே கருதுகின்றனர். ஈரானிற் பெரும்பாலோர் பேசுவது பாரசீகம். அஃது அரபு எழுத்தைக் கைக்கொண்டதேயன்றி அரபு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. வடமொழிக்கு உறவாகிய மொழி. தந்தையை அவர்கள் ‘பெதர்’ என்பர்; தாயை ‘மாதர்’ என்பர்; உடன்பிறந்தானைப் ‘பராதர்’ என்பர்; ஐந்தினைப் ‘பஞ்ச்’ என்பர். வடசொற்பயிற்சி சிறிதுடைய நம் மாணவர் எவரும் இவ்வுறவை உடனே கண்டுகொள்வர்.

‘பார்ஸ்’ என்பது அந்நாட்டின் தென்பகுதியிலுள்ள ஒரு மாநிலத்தின் பெயர். கிரேக்கர் அதனையே முழுநாட்டுக்கும் ஏற்றிச் சொல்ல, மேனாட்டார் அவ்வழி நின்றனர். தன் மக்கள் வழங்கும் ஈரான் என்னும் பெயராலேயே தன்னை அழைக்க வேண்டுமென்று அந்நாட்டரசு பிறநாடுகளைக் கேட்டுக்கொண்டது 1935ஆம் ஆண்டிலேயாகும். நிலப்பரப்பால் நம் இலங்கையைப்போல் இருபத்தைந்து மடங்கானது. ஏறத்தாழ ஒன்பது கோடி மக்களை உடையது. பாரசீகரன்றி அசர்பைஜானியர், குர்தியர், லூர்கள், பலூச்சியர், அரபியர், துருக்மேனியர் எனப் பல இனத்தார் அங்கு வாழ்கின்றனர். 1979ஆம் ஆண்டின் அரசியலமைப்பு இஸ்லாமியக் குடியரசை நிறுவியதாயினும், நாடாளுமன்றத்தில் ஆர்மீனியக் கிறித்தவர், அசீரியக் கிறித்தவர், யூதர், சரதுஷ்டிர மதத்தினர் ஆகியோர்க்கென ஐந்து ஆசனங்களை ஒதுக்கியது. யூதரும் அங்குண்டோ என வியப்பவர் நம்மிற் பலர். அவ்வியப்பே நமக்குக் கிடைத்த உரையின் குறைவுக்குச் சான்றாகும்.

ஏழாம் நூற்றாண்டில் அரபியர் பாரசீகப் பேரரசை வென்றபின், ஆட்சிக்கும் அறிவுக்கும் உரிய மொழியாக அரபு விளங்கிற்று. எகிப்தும் சிரியாவும் தம் பழைய மொழிகளைக் கைவிட்டு அரபு நாடுகளாயின. ஈரான் மதத்தை ஏற்றது, மொழியை விட்டிலது. தூஸ் நகரத்துப் பிர்தௌசி என்னும் புலவர் பழைய மன்னர் கதைகளைத் தொகுத்து ஏறத்தாழ ஐம்பதினாயிரம் ஈரடிகளில் ‘ஷாநாமா’ என்னும் பெருங்காப்பியத்தைப் பாடி 1010ஆம் ஆண்டில் முடித்தார். அரபுச் சொற்களை அதில் மிகக் குறைவாகவே ஆண்டார். 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் முயற்சியை அறிந்த நமக்கு இச்செய்தி புதிதாயினும் இதன் உணர்ச்சி புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர்கள் கலைச்சொல்லாக்கத்திலும் இறங்கினர். பல்கலைக்கழகத்துக்கு ‘தானிஷ்கா’ என்றனர். அஃது அறிவிற்கு இடம் எனப் பொருள்படும். ஆகாய விமானத்துக்கு ‘ஹவாபெய்மா’ என்றனர். காற்றிலே செல்வது என்பது அதன் பொருள். வானூர்தி என்று நாம் ஆக்கிக்கொண்டதும் இவ்வழியன்றோ?

நாம் நாளும் வழங்கும் தர்பார், சிப்பாய், குமாஸ்தா, சால்வை, பஜார் முதலிய சொற்கள் பாரசீகத்தினின்று வந்தவை. எங்கள் ஊர்த் திடல்களில் மாடுகளைப் பூட்டி ஓட்டும் வண்டிற் சவாரியிலுள்ள ‘சவாரி’யும் பாரசீகச் சொல்லே. மொழியளவில் ஈரான் நம் வீட்டு முற்றம் வரை வந்திருக்கின்றது. செய்தியளவிலேதான் அது தொலைவில் நிற்கின்றது.

பாட்டு வாழும் வீடு

தேவார ஏட்டிற் கயிறு சாத்திப் பார்க்கும் மரபைச் சைவ நூல் பயின்றோர் அறிவர். மகப்பேறு வேண்டிய அச்சுத களப்பாளர்க்கு ஏட்டில் வந்த திருப்பாட்டே வழிகாட்ட, மெய்கண்டார் பிறந்தார் என்பது வரலாறு. இதனையொத்த வழக்கம் ஈரானிய இல்லங்களில் இன்றும் உண்டு. ஷிராஸ் நகரிற் பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹாபிஸ் என்னும் கவிஞரின் பாடற்றொகையைக் கையிற் கொண்டு, மனத்தில் ஒன்றை நினைந்து, கண்ணை மூடி ஏட்டைப் பிரித்து, வந்த பாட்டினின்று பயன் கொள்வர். மார்கழியில் ஆண்டின் நீண்ட இரவாகிய ‘யல்தா’ இரவிலே குடும்பத்தார் ஒருங்கிருந்து, மாதுளையும் வத்தகப்பழமும் உண்டு, மூத்தோர் ஒருவர் ஹாபிஸைப் படிக்கக் கேட்பர். பங்குனியிலே பகலும் இரவும் ஒத்துநிற்கும் நாளில் ‘நௌரூஸ்’ என்னும் புத்தாண்டு பிறக்கும். இவ்விரு விழாவும் இஸ்லாத்துக்கு முற்பட்டவை. ஆட்சிகள் மாறியும் அழியாதவை.

இங்கு ஆராயத்தக்கது ஒன்றுண்டு. ஹாபிஸ் மதுவைப் பாடியவர். போலித் துறவியரையும் வெளிவேடப் போதகரையும் எள்ளி நகையாடியவர். மதகுருமார் ஆட்சியமைத்த நாட்டில் அவர் நூல் வீடுதோறும் இருப்பதெங்ஙனம்? அம்மதுவை இறைக்காதலின் குறியீடாகக் கொள்வார் ஒருசாரார். மதுவாகவே கொள்வார் ஒருசாரார். 1979ஆம் ஆண்டுப் புரட்சியின் தலைவரான ஆயத்துல்லா கொமெய்னி அதே மதுக் குறியீடுகளை வைத்துக் கஸல் பாடியவர். 1989இல் அவர் மறைந்தபின் அப்பாடல்கள் வெளிவந்தன. மேனாட்டுச் செய்தியாளரின் படத்திலுள்ள கடுமுகத்துக்கும் இப்பாடல்களுக்கும் தொடர்பு காணல் அரிது. ஒரு மனிதரிடத்திலேயே இத்துணை முரண் இருக்குமாயின், ஒன்பது கோடி மக்களை ஒரு சொல்லில் அடக்க முடியுமோ?

தமிழர் அறிந்த பாரசீகப் புலவருள் முதல்வர் உமர் கயாம். கவிமணி தேசிகவிநாயகம்பிள்ளை அவர்களின் இனிய தமிழால் அவர் நம்மவராயினர். எனினும் கவிமணி கொண்ட மூலம், 1859இல் பிற்ஸ்ஜெரால்ட் ஆக்கிய ஆங்கில நூல். மரநிழலில் மதுக்கிண்ணத்தோடிருக்கும் இன்பவாணராகவே உமர் நம்மிடம் வந்தார். அவர் முப்படிச் சமன்பாடுகளை ஆராய்ந்த பெருங்கணிதர் என்பதும், 1079இல் அமைந்த ஞாயிற்று நாட்காட்டிக்கு உழைத்த வானநூலாருள் ஒருவர் என்பதும் நம்மிற் பலர் அறியாதன. அரசியற் செய்தி மாத்திரமன்று, கவிதையுங்கூட நமக்கு உரை வழியாகவே வந்திருக்கின்றது.

அழுகையின் அரசியல்

முல்லைத்தீவுப் பகுதியிற் கோவலன் கூத்தைக் கண்டவர்கள், கொலைக்களக் காட்சியின்போது அவையிலுள்ள முதியவர்கள் கண்ணீர் வடிப்பதைக் கண்டிருப்பர். கதை எல்லோர்க்கும் தெரிந்ததே, முடிவு மாறப்போவதில்லை. ஆயினும் முறைதவறிய கொலைக்கு ஆண்டுதோறும் அழவேண்டும் என்பது மக்கள் உணர்வு. ஈரானியர் ஆடும் ‘தாஸியே’ என்னுங் கூத்தும் இத்தன்மையதே. கி.பி. 680இல் கர்பலா வெளியில் நபிகளாரின் பேரர் இமாம் ஹுசைன் சிறுபடையோடு நீரின்றி வருந்திக் கொல்லப்பட்ட வரலாற்றை முஹர்ரம் மாதத்தில் ஆடுவர். ஹுசைன் பக்கத்தார் பச்சையுடுத்துப் பாட்டாற் பேசுவர். பகைவர் செந்நிற உடையோடு வசனத்தாற் பேசுவர். இராகம் நீதிக்கே உரியது, அநீதிக்கு இராகமில்லை என்பது இவ்வமைப்பின் குறிப்புப்போலும்.

இதனைச் சமயச் சடங்கெனக் கொண்டு கடந்துவிடலாகாது. ஷியா மரபிலே இறந்தோர்க்கு நாற்பதாம் நாள் துக்கம் கொண்டாடுதல் வழக்கம். 1978 ஜனவரியில் கும் நகரத்திலே அரச படையினர் ஆர்ப்பாட்டக்காரரைச் சுட்டனர். நாற்பதாம் நாளில் தப்ரீஸ் நகரத்தில் அவர்க்காகத் துக்கங்கூடினோரிடையே மீண்டும் உயிர்ச்சேதம். அவர்க்கு நாற்பதாம் நாளில் வேறு நகரங்களிற் கிளர்ச்சி. இவ்வாறு துக்க நாட்காட்டியின் வழியே ஒரு புரட்சி வளர்ந்து, 1979 பெப்ரவரியில் மன்னராட்சியை வீழ்த்தியது. படைவலியையும் எண்ணெய் வருவாயையும் கணக்கிட்ட மேனாட்டார் பலர் இந்நாற்பது நாட்கணக்கைக் கணக்கிட்டிலர்.

அந்நாட்காட்டி பிற்காலத்தில் ஆட்சியாளரையும் விட்டதில்லை. 2022 செப்டெம்பர் 16ஆம் நாள், முக்காடு முறையாக அணியவில்லையென்று பிடிக்கப்பட்ட மாசா அமினி என்னும் 22 வயதுக் குர்தியப் பெண் காவலில் இருந்தபோது வீழ்ந்து உயிர் நீத்தாள். அவள் இறந்த நாற்பதாம் நாளில், வழிகள் அடைக்கப்பட்டிருந்தும், ஆயிரக்கணக்கானோர் வயல்வெளிகளூடே நடந்து சக்கேஸ் நகரத்து இடுகாட்டை அடைந்தனர். அழுகையால் அரியணை ஏறியவர்களை நோக்கியே அழுகை திரும்பியது. மூலத்தை அறிந்தவனுக்கே இந்நிகழ்ச்சியின் பொருள் தெளிவாகும்.

எண்ணெயும் தண்ணீரும்

மேனாடுகளின்மீது ஈரானியர் கொண்ட ஐயம் மதவெறியிற் பிறந்ததென்று கூறுவார் உளர். அதன் வேர் வேறிடத்திலுள்ளது. 1906ஆம் ஆண்டிலேயே அம்மக்கள் போராடி, மன்னனிடமிருந்து அரசியலமைப்பும் நாடாளுமன்றமும் பெற்றவர்கள். 1908இல் எண்ணெய் கண்டெடுக்கப்பட்டது. பிரித்தானியக் கம்பனி ஒன்று அதனை ஆண்டது. 1914இல் அக்கம்பனியின் பெரும்பங்கைப் பிரித்தானிய அரசே வாங்கிக்கொண்டது. 1951இல் ஈரானிய நாடாளுமன்றம் எண்ணெயை நாட்டுடைமையாக்கியது. அதற்குத் தலைநின்ற முகம்மது மொசாடெக் பிரதமரானார். 1953 ஆகஸ்ட் 19ஆம் நாள் அமெரிக்க, பிரித்தானிய உளவுத்துறைகளின் ஏற்பாட்டால் அவர் கவிழ்க்கப்பட்டார். சிறையிலும் பின்னர் வீட்டுக் காவலிலும் இருந்து 1967இல் இறந்தார். அமெரிக்க உளவுத்துறை தன் பங்கை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட ஆவணங்கள் 2013ஆம் ஆண்டிலேதான் வெளிவந்தன. வாக்குரிமையால் வந்த ஆட்சியை வாக்குரிமை போற்றுவோரே கவிழ்த்தனர் என்னும் நினைவு அம்மக்களின் நெஞ்சில் உள்ளது. 1979இல் தூதரகம் கைப்பற்றப்பட்டதை நியாயப்படுத்த இது போதாது. விளங்கிக்கொள்ள இஃதின்றி இயலாது.

இலங்கையராகிய நமக்கும் இதன் சிறு நிழல் ஒன்றுண்டு. 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டு, 1962இல் பிறநாட்டு எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துகள் சில பொறுப்பேற்கப்பட்டபோது, நட்டஈடு தாமதித்ததென்று 1963 பெப்ரவரியில் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. நமக்கு உதவி நின்றது. அவர்களுக்கு அரசே வீழ்ந்தது. 1969இல் நாம் சப்புகஸ்கந்தவிற் கட்டிய சுத்திகரிப்பு நிலையம் ஈரானிய எண்ணெய்க்கு ஏற்றவாறே அமைந்தது. அவர்கள் மீது விழும் பொருளாதாரத் தடை நம் அடுப்பங்கரை வரை சுடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணெயை விட எங்கள் வன்னி மக்களுக்கு எளிதில் விளங்கக்கூடியது அவர்களின் தண்ணீர். மழை மிகக் குறைந்த அந்நாட்டிலே மலையடிவாரத்தில் ஆழமான ‘தாய்க்கிணறு’ ஒன்றை வெட்டி, அங்கிருந்து சிறுசரிவாக நிலத்தடியே நெடுஞ்சுரங்கம் அமைத்து, ஊர்வயலில் நீர் தானே வெளிப்படச் செய்வர். இதற்குக் ‘கனாத்’ என்று பெயர். வெயில் படாமையால் நீர் ஆவியாகாது. பொறியும் எரிபொருளும் வேண்டா. குனாபாத் என்னும் ஊரின் கனாத் ஏறத்தாழ 33 கிலோமீற்றர் நீளமானது; அதன் தாய்க்கிணறு 200 மீற்றருக்கும் ஆழமானது. 2016இல் பதினொரு கனாத்துகள் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தன. இந்நீரைப் பங்கிட அடியில் துளையுள்ள செப்புக் கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டு, அஃது அமிழும் நேரத்தை ஓரலகாகக் கொண்டனர். முல்லைப்பாட்டின் நாழிகைக் கணக்கரையும் அவர்தம் கன்னலையும் படிப்பித்த ஆசிரியர்க்கு இக்கிண்ணம் அந்நியமாகுமோ? இரணைமடுவின் கீழ்ப் பயிர்செய்வோர் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எத்தனை ஏக்கருக்கு நீர் என்று கூடிப் பேசி முடிவுசெய்வதும், பாரசீக உழவர் கிண்ணங்கொண்டு முறைவைத்ததும் ஒரே அறத்தின் இரு வடிவங்கள்.

அவ்வறம் அங்கு நலிந்தது. 1960களின் பின் ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகி, நிலத்தடி நீர் தாழ்ந்து, கனாத்துகள் பல வற்றின. உர்மியா ஏரி பெரும்பகுதி சுருங்கிற்று. இஸ்பஹான் நகரத்தின் அழகிய பாலங்களின் கீழே ஓடிய சாயந்தே ஆறு பலகாலம் மணலாய்க் கிடக்கின்றது. 2021 நவம்பரில் உழவர்கள் அவ்வறண்ட ஆற்றிலேயே கூடியமர்ந்து நீர் கேட்டனர். வெளியுலகச் செய்திகள் இதனை ‘ஆட்சிக்கெதிரான கலகம்’ என்னும் வரிசையில் ஒன்றாகச் சேர்த்துவிட்டு நகர்ந்தன. வயல் வாய்க்காலைப் பார்த்து வாழும் எவரும் அதனைக் கலகமென்று கருதுமுன் தண்ணீர்த் துயரென்று கருதுவர். அணுவைப் பற்றி ஆயிரம் பத்தி எழுதியோர் ஆற்றைப் பற்றி எத்தனை பத்தி எழுதினர்?

பெண்ணும் திரையும் சிறையும்

முக்காடு பற்றிய செய்தியிலும் பாதியே நமக்கு வருகின்றது. 1936இல் ரேசா ஷா மன்னர் முக்காட்டைத் தடைசெய்தார். தெருவிற் சென்ற பெண்களின் துகிலைக் காவலர் பறித்தனர். நாணி வீட்டினுள்ளேயே அடைந்து கிடந்த பெண்கள் பலர். 1979இன் பின் வந்த ஆட்சி முக்காட்டைக் கட்டாயமாக்கிற்று. 1983இல் அதற்குத் தண்டனையும் விதித்தது. களையச் செய்ததும் காவலர். அணியச் செய்ததும் காவலர். இரண்டு முறையும் பெண்ணைக் கேட்டவர் எவருமில்லை. ‘பெண், வாழ்வு, விடுதலை’ என்று 2022இல் எழுந்த முழக்கத்தை மேனாட்டு நாகரிகத்தின் எதிரொலி என்று மதிப்பவர் இந்த நூற்றாண்டு வரலாற்றை மறந்தவராவர்.

அப்பெண்களே பல்கலைக்கழகங்களை நிரப்பினர். 2000ஆம் ஆண்டையடுத்த காலத்திற் பல்கலைக்கழகம் புகுந்தோருள் அரைவாசிக்கு மேற்பட்டோர் பெண்கள். தெஹ்ரானிற் பயின்ற மர்யம் மிர்சாகானி 2014இல் கணிதத்தின் உயர்பரிசாகிய பீல்ட்ஸ் பதக்கத்தைப் பெற்ற முதற் பெண்மணியானார். சட்டவறிஞர் ஷிரின் எபாதி 2003இலும், நர்கெஸ் முகம்மதி 2023இலும் சமாதானத்துக்கான நோபெல் பரிசு பெற்றனர். பின்னவர் பரிசு பெற்றபோது சிறையில் இருந்தார்.

அவர்களின் திரைப்படங்களும் அங்ஙனமே. மஜித் மஜிதியின் ‘சொர்க்கத்தின் குழந்தைகள்’ தமிழில் ‘அக்கா குருவி’ என 2022இல் வந்ததைப் பலர் அறிவர். நான் ஆசிரியர்க்கு விதந்து சொல்ல விரும்புவது பஹ்ராம் பெய்சாயி ஆக்கிய ‘பாஷு’ என்னும் படமாகும். 1980 முதல் 1988 வரை நடந்த ஈராக் போரிலே தென்பகுதிச் சிறுவன் ஒருவன் குண்டுவீச்சிற் பெற்றோரை இழக்கின்றான். பாரவண்டியொன்றில் ஒளிந்து வடபகுதி வயலூரொன்றை அடைகின்றான். அவன் பேசுவது அரபு. அவனை ஏற்கும் உழவர்குலப் பெண் பேசுவது கிலாக்கி. ஒருவர் மொழி மற்றவர்க்கு விளங்காது. ஊரார் அவன் கருநிறத்தை இகழ்கின்றனர். ஒருநாள் அவன் பாடப்புத்தகமொன்றை எடுத்துப் பொதுமொழியாகிய பாரசீகத்திலே வாசிக்கின்றான். இவன் நம் பிள்ளையே என்று ஊர்ச்சிறுவர் அப்பொழுது உணர்கின்றனர். இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளை மரநிழலில் இருத்திப் பாடஞ் சொன்ன வன்னி ஆசிரியர் எவரும் அக்காட்சியைக் கலங்காது காணல் அரிது. போர் நடந்துகொண்டிருக்கையில் எடுக்கப்பட்ட அப்படத்தை ஆட்சியாளர் உடனே வெளியிட விடவில்லை. 1989 வரை அது காத்திருந்தது. படைத்ததும் அந்நாடு, தடுத்ததும் அந்நாடு.

இங்கே நாம் இன்னோர் உரையைக் குறித்தும் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். மேனாட்டாரை வெறுக்கும் நம்மவர் சிலர், மேனாட்டாரை எதிர்ப்பதாற் குடியரசின் ஆட்சியாளர் செய்த யாவும் நன்றே என்பர். இதுவும் மூலமன்று, முன்னையதன் மறுதலையான இரண்டாம் உரை. மரணதண்டனையை மிகுதியாக நிறைவேற்றிய நாடுகளின் வரிசையில் மனித உரிமை அமைப்புகள் ஆண்டுதோறும் ஈரானை முன்வைத்துள்ளன. எழுத்தாளரும் சட்டத்தரணியரும் மாணவரும் சிறைசென்றனர். இவற்றை முதலில் எடுத்துச் சொன்னவர் அயலாரல்லர், ஈரானியரேயாவர். ஓராட்சியைப் பழிப்பதற்காக ஒரு மக்களைப் பழித்தல் பிழையாயின், ஒரு மக்களைப் போற்றுவதற்காக ஓராட்சியைப் போற்றுதலும் பிழையே.

நாம் செய்யத்தக்கது

ஈரானோடு நம் தீவுக்குள்ள உறவு இன்று நேற்றையதன்று. மன்னார் மாந்தையில் நடந்த அகழ்வாய்வுகளிற் பாரசீக வளைகுடாப் பகுதியின் நீலப்பச்சை மெருகிட்ட மட்கலத் துண்டுகள் கிடைத்துள்ளன. 1911இல் காலியிற் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு நூதனசாலையில் உள்ள கல்வெட்டு, 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனத் தளபதி செங் ஹோ கொண்டுவந்தது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழி உள்ளன. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேவந்துறையிலுள்ள தெனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றுகின்றது. அறுநூறு ஆண்டுக்கு முன் இந்தியப் பெருங்கடலின் வணிகர் படிக்கத்தக்க மொழிகளாகத் தமிழும் பாரசீகமும் ஒரே கல்லில் நின்றன.

இக்காலத்து உறவும் அங்ஙனமே கலப்பானது. 2012இல் வாங்கிய எண்ணெய்க்குரிய 25 கோடி டொலர் கடனைத் தேயிலையாற் கழிப்பதென 2021 டிசெம்பரில் உடன்பாடாயிற்று. மலையகத் தொழிலாளியின் கை கொய்த கொழுந்து, தெஹ்ரானில் கற்கண்டுத் துண்டைப் பல்லிடைக் கடித்தபடி பருகுந் தேநீராகின்றது. ஈரானியர் கட்டிய 120 மெகாவாற்று உமா ஓயாத் திட்டம் 2024 ஏப்ரல் 24ஆம் நாள் திறக்கப்பட்டது. ஆயின் அதன் சுரங்கம் தோண்டப்பட்ட காலத்தில் பண்டாரவளைப் பகுதியிலே கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன என்பதையும் நாம் மறத்தலாகாது. நட்புக்கும் கணக்கு உண்டு.

இனி, ஆசிரியரும் மாணவரும் இலக்கியவட்டத்தாரும் செய்யத்தக்கது யாது? ஈரானைப் பற்றிய செய்தி ஒன்றைப் படிக்கும்போது மூன்று வினாக்களை எழுப்பப் பழக வேண்டும்: இதனைச் சொல்பவர் யார்? இதற்கு முன் நடந்தது என்ன? இதைப்பற்றி அந்நாட்டவர் தம்முள் என்ன பேசுகின்றனர்? முதலிரண்டு வினாக்களுக்கு நூலகத்தில் விடை காணலாம். மூன்றாவதற்கு மொழி வேண்டும். ஆங்கிலத்தின் தயவின்றிப் பாரசீகத்தை நேரே கற்று, ஹாபிஸையும் பிர்தௌசியையும் இக்கால எழுத்தாளரையும் தமிழுக்குத் தருவோர் சிலரேனும் நம்மிடையே தோன்றவேண்டும். ஜேர்மனியரும் பிரெஞ்சுக்காரரும் நம் நாட்டுக்கு வந்து தமிழ் கற்று நம் நூல்களைத் தம் மொழிக்குக் கொண்டு சென்றபோது நாம் மகிழ்ந்தோம். நம்மை மூலத்திற் படித்தார்கள் என்பதே அம்மகிழ்ச்சியின் காரணம். அம்மகிழ்ச்சியைப் பிறர்க்கு அளிக்க வேண்டிய கடனும் நமக்குண்டு.

போர் வரும், போகும். ஆட்சியும் அத்தகையதே. 1010இல் முடிந்த காப்பியம் இன்றும் படிக்கப்படுகின்றது. வற்றிய ஆற்றங்கரையில் உழவன் இன்றும் மழையை நோக்குகின்றான். நீண்ட இரவில் ஒரு பாட்டி ஏட்டைப் பிரித்துப் பேரப்பிள்ளைக்குப் பலன் சொல்கின்றாள். அங்கே குண்டு விழுந்ததென்று இனியொரு நாள் செய்தி வருமாயின், அஃது இவர்கள் தலைமேல் விழுந்தது என்று அறியும் அறிவே நம் மாணவர்க்கு நாம் தரவேண்டிய கல்வி.